வலியுடன் ஆஜராகவும்

பணிமனையில் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. அந்த மரியாதைக்கு வைத்த பெயர். வயது முப்பத்துநான்கு. கல்யாணம் ஆகவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. மற்றவர்களுக்குத்தான் இருந்தது, அதுவும் நிறைய.

மாதத்தில் ஐந்து நாள் அவளுக்குப் போதாத காலம். அதிலும் முதல் இரண்டு நாள் உயிர் போய் உயிர் வரும். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அடிவயிற்றில் பிடித்த வலி இடது தொடை வழியாக முழங்கால்வரை இறங்கும். நெரிசல் நேரத்தில் ஒரு நடைக்கு நானூறு தடவையாவது கிளட்சை மிதிக்க வேண்டும். இருக்கையில் நான்காக மடித்த பழைய துண்டு, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், காக்கி கால்சட்டைக்குள் இரண்டு நாப்கின். ஒரு நடை ஒன்றேகால் மணி நேரம். கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினால், சாவி நேரக்காப்பாளரிடம் இருக்கும். நேரக்காப்பாளர் டீ குடிக்கப் போயிருப்பார்.

வெளியே எந்த மருந்தும் வாங்கிச் சாப்பிட முடியாது. எப்போதோ ஓர் ஓட்டுநர் இருமல் மருந்தை பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு வண்டியை ஒரு துணிக்கடைக்குள் ஓட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. ஓட்டுநர் எந்த மாத்திரையைச் சாப்பிட்டாலும் அது போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவமனை கொடுத்ததாக இருக்க வேண்டும். வெளி மாத்திரை என்று தெரிந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

ஆகவே பிரேக் அக்கா கழக மருத்துவமனைக்குப் போனாள். அங்கே புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருந்தார். எல்லோரும் சின்ன டாக்டர் என்பார்கள். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கட்டி எதுவும் இல்லை. ரத்தம் சோதித்தார், இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

"இவ்வளவு ரத்தத்தை வச்சிக்கிட்டு எப்படிக்கா பஸ் ஓட்டறீங்க?"

"பஸ்ஸு டீசல்லதானேம்மா ஓடுது."

சின்ன டாக்டர் சிரித்துவிட்டு விளக்கிச் சொன்னார். ஹார்மோன் மாத்திரை என்று ஒன்று இருக்கிறது. கருத்தடைக்கு என்றுதான் பெயர். ஆனால் இந்த மாதிரி வலிக்கும் அதிகப்படியான ரத்தப்போக்குக்கும் நன்றாகக் கேட்கும். முதலில் கொஞ்சம் குமட்டலாம், தலை வலிக்கலாம். ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது, சிகரெட் பழக்கம் இல்லை, கொடுக்கலாம்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல" என்றார்.

பிரேக் அக்கா நான்கு நாள் யோசித்தாள். அண்ணியிடம் மட்டும் கேட்டாள். அண்ணி, "இதுக்குப் போய் நாலு நாளா? நானா இருந்தா டாக்டர் கையிலிருந்து பிடுங்கித் தின்னிருப்பேன்" என்றாள். ஐந்தாம் நாள் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனாள்.

மருந்தாளுநர் சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இது குடும்ப நலப் பிரிவு மருந்தாச்சேம்மா. குடும்பம் இருக்கா?"

"இருக்கு சார். அம்மா, அண்ணன், அண்ணி, அவங்க பசங்க ரெண்டு பேரு."

"அதெல்லாம் குடும்பம் இல்லம்மா. குடும்பம்னா கணவர்."

"எனக்குக் கல்யாணம் ஆகல சார். இது வலிக்கு."

"வலிக்குன்னா வலிப் பிரிவு. அங்க இந்த மருந்து கிடையாது. இங்க மருந்து இருக்கு, வலி கிடையாது." அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "குழுவுக்கு எழுதுங்க."

மருந்துத் தவறான பயன்பாட்டுத் தடுப்புக் குழு என்பது அதன் முழுப் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நோய் பாதி குணமாகிவிடும் என்று பணிமனையில் சொல்வார்கள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கூடும். மூன்று பேர், மூவரும் ஆண்கள். தலைவர் ஓய்வு பெற்ற எலும்பு டாக்டர். இரண்டாவது ஆள் சட்ட ஆலோசகர். மூன்றாவது நிர்வாக அதிகாரி. விதிப்படி குழுவில் ஒரு பெண் பிரதிநிதி இருக்க வேண்டும் என்பதால், மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர் என்ற தகுதியில் அந்த இடத்தில் அவரை உட்கார வைத்திருந்தார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை பிரேக் அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். அறையில் குளிர்சாதனம் ஓடியது. மூன்று புது நாற்காலி, பழுப்புத் தோல் உறை போட்டவை, அவர்களுக்கு. நான்காவது புது நாற்காலி மனுதாரருக்கு. சின்ன டாக்டரும் வந்திருந்தார். அவருக்கு நாற்காலி இல்லை.

தலைவர் நல்ல மனிதர். குரலில் கனிவு வழியும்.

"நான் நாப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவன். என் மனைவிக்கும் மாசா மாசம் வந்ததுதான். முப்பது வருஷத்துல ஒரு முனகல் கேட்டதில்ல நான்."

"வலிக்குதான்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா சார்?" என்றாள் பிரேக் அக்கா. வம்புக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கேட்டா சொல்லிடுவாளே" என்றார் தலைவர். "அதனாலதான் கேக்கறதில்ல. ஒரு வீட்டுல அமைதி எப்படி இருக்குங்கறே?"

பெண் பிரதிநிதி தலையை ஆட்டினார். "பெண்களோட சார்பா நான் ஒண்ணு சொல்லணும். எங்களுக்குப் பொறுமைதான் அழகு."

சின்ன டாக்டர், "சார், ரத்த அளவு ரொம்பக் குறைவா இருக்கு, இது வெறும்..." என்று ஆரம்பித்தார். சட்ட ஆலோசகர் கையைக் காட்டி நிறுத்தினார். டாக்டர் மருந்து எழுதியதோடு அவர் வேலை முடிந்தது. மருந்து வேண்டுமா என்று முடிவு செய்வது டாக்டர்களுடைய வேலை இல்லை என்றார். அடுத்த வாரமே சின்ன டாக்டரைக் கண் பரிசோதனை முகாமுக்கு மாற்றினார்கள். ஓட்டுநர்களை வரிசையாக நிறுத்தி, சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்வதுதான் அங்கே வேலை.

குழு மூன்று ஆவணம் கேட்டது. ஒன்று, கல்யாணம் ஆகவில்லை என்பதற்குச் சான்றிதழ். இரண்டு, பாதுகாவலரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம். மூன்று, எதிர்காலக் கணவரின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்.

"எதிர்காலக் கணவர் யாருன்னே எனக்குத் தெரியாதே சார்."

"எங்களுக்கும் தெரியாது" என்றார் சட்ட ஆலோசகர். "அதுக்காக அந்த மனுஷனோட உரிமையை நாங்க பறிக்க முடியுமா?"

அவரே வழியும் சொன்னார். எதிர்காலக் கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாத பட்சத்தில் பொது அறிவிப்பு கொடுக்கலாம். முப்பது நாளுக்குள் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் கடிதத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனான். அவன் அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவன். ஒரு நாளைக்கு ஐந்நூறு கையெழுத்து போடுகிற கை.

"நான் எப்படிம்மா இதுல கையெழுத்துப் போடறது? எனக்கு எதுவும் தெரியாத மாதிரிதானே நாம இத்தனை வருஷமா இருந்துட்டு வர்றோம்?"

அம்மா, "ஒரு கல்யாணத்தைப் பண்ணிட்டா எல்லாம் தன்னால சரியாயிடும்" என்றாள்.

"உங்களுக்குச் சரியாச்சா அத்தை?" என்று அண்ணி கேட்டாள்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "எனக்கு உன் மாமனார் ஒத்தடத்துக்கு வெந்நீர் வச்சுக் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது யாருக்கும் அதுவரை தெரியாத சங்கதி. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கே போட வேண்டும் என்று அண்ணி விரலை வைத்துக் காட்ட, பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். அது பாதி மேசைமேல் விழுந்தது. குழு அதை ஏற்கவில்லை. மறுபடி போட வேண்டியிருந்தது.

பொது அறிவிப்பைப் பணிமனை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். விடுப்புப் பட்டியலுக்கும் தொலைந்துபோன டிபன் கேரியர் பற்றிய விளம்பரத்துக்கும் நடுவில். 'கீழ்க்கண்ட பெண் ஓட்டுநரை எதிர்காலத்தில் மணக்கும் எண்ணமுள்ளோர், அவர் மாதவிலக்கு வலிக்காகக் கருத்தடை மாத்திரை உட்கொள்வதில் ஆட்சேபணை இருப்பின், முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' அவள் புகைப்படமும் இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படம். அன்றும் அவளுக்கு இரண்டாம் நாள்.

முப்பது நாளும் பிரேக் அக்கா தலையைக் குனிந்துகொண்டே பணிமனைக்குள் நுழைந்தாள். சிலர் படித்துவிட்டுச் சிரித்தார்கள். சிலர் அறிவுரை சொன்னார்கள். ஒரு மூத்த ஓட்டுநர், தன் மகளுக்கும் அதே வலிதான், என்ன மாத்திரை என்று காதோடு கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார்.

இருபத்தொன்பதாம் நாள் ஓர் ஆட்சேபணை வந்தது. எழுதியவர் டயர் பிரிவில் வேலை பார்ப்பவர். மனைவியை இழந்தவர், நாற்பத்தெட்டு வயது. அவளிடம் ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார். பின் டயரில் காற்று குறைவு என்று சொல்லியிருக்கிறார்.

குழு அவரை மரியாதையோடு கூப்பிட்டு விசாரித்தது.

"நீங்க இவங்களைக் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல சார். யோசிக்கலாம்னு இருக்கேன்."

"என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றாள் பிரேக் அக்கா.

"அம்மா, குறுக்கே பேசாதீங்க. அவர் யோசிச்சிட்டிருக்கார்" என்றார் தலைவர். யோசிப்பதற்கு அவருக்கு ஆறு வாரம் அவகாசம் கொடுக்கப்பட்டது. டயர்காரர் எழுந்து நின்று நன்றி சொன்னார்.

அந்த ஆறு வாரத்தில் அவளுக்கு இரண்டு தடவை வந்து போனது. இரண்டாவது தடவை ஒரு சிக்னலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, விளக்கு பச்சையாகி மறுபடி சிவப்பாகும்வரை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது. பயணி ஒருவர், "போனைப் பாத்துக்கிட்டிருக்கா போல" என்றார்.

அவகாசம் முடிவதற்குள் குழு இன்னொரு கடிதம் அனுப்பியது. மனுதாரர் ஒவ்வொரு தடவையும் வலி இல்லாத நாளில் வருவதால் வலியின் உண்மைத்தன்மையை ஆராய முடியவில்லை. ஆகவே அடுத்த கூட்டத்துக்கு மனுதாரர் வலியுடன் ஆஜராகவும்.

அவளுக்கு வருவது மூன்றாம் வாரம். குழு கூடுவது முதல் வாரம். ஆனால் அந்த மாதம் தலைவருடைய பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்று கூட்டம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. பேரன் புண்ணியத்தில் அவள் முதல் நாள் வலியோடு போய் அந்தத் தோல் நாற்காலியில் உட்கார்ந்தாள். டயர்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள், ஓரமாக நின்றார்.

"ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லும்மா. எவ்வளவு?" என்றார் தலைவர்.

"ஒன்பது சார்."

"தொடை எலும்பு முறிஞ்சாத்தான் ஒன்பது. உனக்கு முறிஞ்சிருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ ஒன்பதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

பெண் பிரதிநிதி முன்னால் சாய்ந்தார். "எங்க பெண்கள் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவோம் சார். நாலுன்னு போட்டுக்கலாம்."

முக்கால் மணி நேரம் இப்படியே போனது. அவளுக்குக் குளிரில் வியர்த்துக் கொட்டியது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டாள். பரிசோதனையின் நடுவில் வலியை வெளியே கொண்டுபோக முடியாது என்றார் சட்ட ஆலோசகர். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. எழுந்தாள்.

பழுப்புத் தோல் உறையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரத்தம்.

மூன்று பேரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை.

"அது புது நாற்காலி" என்றார் தலைவர்.

"இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?" பிரேக் அக்கா நாற்காலியைக் காட்டினாள். "பாத்துக்கோங்க. நல்லா பாத்துக்கோங்க."

சட்ட ஆலோசகர் பேனாவை மூடினார். "இதை இப்போதைக்குச் சாட்சியமா எடுத்துக்க முடியாது. இது மனுதாரரோட ரத்தம்தான்னு நிரூபிக்கணும். அதுவரைக்கும் நாற்காலியைச் சீல் வைக்கச் சொல்லுங்க."

அவள் அங்கேயே மடங்கி விழுந்தாள். கதவோரம் நின்ற கடைநிலை ஊழியர்தான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். அவளுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நாற்காலியை ஒரு துணியில் சுற்றி, நான்கு பக்கமும் அரக்கு வைத்து, பதிவேட்டில் எண் போட்டு அலமாரி அறைக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்று சாயங்காலமே டயர்காரர் ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 'பெண் நோயாளி என்று முன்பே தெரிந்திருந்தால் யோசித்தே இருக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தார். எதிர்காலக் கணவர் என்று இனி யாரும் இல்லாததால் கோப்பில் தடை இல்லை. மூன்று மாதத்துக்கு மாத்திரை அனுமதிக்கப்பட்டது.

முதல் இரண்டு வாரம் குமட்டல் இருந்தது. பிறகு அது போனது. அடுத்த மாதம் வந்தபோது, வந்தது என்று சொல்வதற்கே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஏதோ ஒரு நாள் இரண்டு நாள், கொஞ்சமாக. கிளட்சை மிதித்தாள், கால் மட்டும் போய் வந்தது. கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கழிப்பறைக்கு ஓடாமல், மற்ற ஓட்டுநர்களோடு நின்று டீ குடித்தாள். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அண்ணியோடு போய் வெள்ளைப் பாவாடை ஒன்று வாங்கினாள்.

மூன்று மாதம் முடிந்து குழு கூடியது.

"இப்போ வலி எவ்வளவு?"

"இல்ல சார். சுத்தமா இல்ல."

மூவர் முகத்திலும் மலர்ச்சி. தலைவர் கோப்பில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "வலி இல்லை. ஆகவே மருந்து தேவை இல்லை. நிறுத்தலாம்."

"சார், மாத்திரை சாப்பிடறதாலதான் சார் வலி இல்ல."

"அதைத்தானம்மா நாங்களும் எழுதியிருக்கோம். வலி இல்ல."

"நிறுத்தினா திரும்ப வரும்."

"வரட்டும்" என்றார் தலைவர் கனிவோடு. "வந்தா எழுது. குழு எங்கேயும் போயிடாது."

திரும்ப வந்தது. சொல்லிவைத்த மாதிரி வந்தது. அவள் எழுதினாள். 'எனக்கு மறுபடியும் தாங்க முடியாத வலி. வண்டி ஓட்டவே முடியவில்லை. மாத்திரையைத் தொடர அனுமதிக்க வேண்டுகிறேன்.'

சட்ட ஆலோசகர் அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டார். வண்டி ஓட்ட முடியாத ஓட்டுநர் வண்டி ஓட்டியிருக்கிறார். பயணிகளின் உயிரோடு விளையாடியிருக்கிறார். அதை அவரே கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறார். மறுநாளே அவளை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கினார்கள். கருணை அடிப்படையில் வேலையை விட்டு நீக்கவில்லை. குழு அலுவலகத்திலேயே தபால் பிரிவில், ஒரு மேசையும் முத்திரைக் கட்டையும் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

அங்கே உட்கார்ந்த மூன்றாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. அவள் இப்போது ஓட்டுநர் இல்லை. எந்த மாத்திரையைச் சாப்பிட்டாலும் கேட்பதற்கு நாதி இல்லை. கண் பரிசோதனை முகாமுக்குப் போய்ச் சின்ன டாக்டரைப் பார்த்தாள். அவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தெருமுனை மருந்துக்கடையில் கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் மாத்திரையை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்தார். நடந்தது இவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு மாதத்தில் அவள் முகம் தெளிந்துவிட்டது. தலைவர் ஒரு நாள் அவள் மேசைப் பக்கம் நின்றார்.

"என்னம்மா, ஆளே மாறிட்டே! இப்போ வலி எப்படி?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா?" என்று மற்ற இருவரையும் கூப்பிட்டார். "மாத்திரையும் இல்ல, மண்ணும் இல்ல. ஸ்டியரிங்கை விட்டதும் வலி போயிடுச்சு. அந்த வேலைதான் நோய். நான் அன்னிக்கே நினைச்சேன்."

பிரேக் அக்கா எழுந்து நின்றாள். "சார், நான் மாத்திரை சாப்பிடறேன். வெளியில வாங்கி, ரெண்டு மாசமா சாப்பிடறேன்."

"குழு அனுமதி குடுத்துச்சா?"

"இல்ல சார்."

"அனுமதி இல்லாத மாத்திரை வேலை செஞ்சுதுன்னு எப்படிம்மா பதிவு பண்றது?"

பெண் பிரதிநிதிக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை பெண்கள் பஸ்ஸுல இந்தக் கஷ்டத்தை அனுபவிக்கறாங்களே சார். எங்களுக்கு ஒரு வழி பண்ணுங்க."

வழி பண்ணினார்கள். அன்று மத்தியானமே சுற்றறிக்கை தயாரானது. பெண் ஊழியர்களின் உடல்நலத்தில் கொண்ட அக்கறையின் பேரில், பணிமனையில் உள்ள பதினொரு பெண் ஓட்டுநர்களும் உடனடியாக ஓட்டுநர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள். அதைப் பலகையில் ஒட்டும் வேலை தபால் பிரிவினுடையது.

அவள் பசையும் தாளுமாகப் பலகைக்குப் போனபோது ஷிப்ட் மாறும் நேரம். மதிய வண்டியை எடுக்க வந்த பெண் ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகக் கூடினார்கள். ஒருத்தி சத்தமாகப் படித்தாள். அவர்களில் மிகச் சின்னவள், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆனவள், கையில் வண்டிச் சாவியோடு முன்னால் வந்தாள்.

"அக்கா, உங்களைப் பாத்துத்தான் இப்படி முடிவு பண்ணாங்களாமே. நிஜமா?"

பிரேக் அக்கா கையில் ஒட்டிய பசையைக் கால்சட்டையில் துடைத்தாள்.

"ஆமா" என்றாள். "எனக்கு நல்லாயிடுச்சு."